பிடரிமயிரின் வரவு செலவு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில், வாங்க வருகிறவர் முதலில் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அடுத்ததாக, விரல்களை விரித்துப் பிடரிமயிரை அப்படியே மேலே தூக்கி அடிக்கழுத்தை உற்றுப் பார்ப்பார். அவர் தேடுவது சுழி. விற்கிறவரோ அந்தப் பிடரிக்குத்தான் எண்ணெய் தடவி, சீவி, சிவப்பு ரிப்பன் வைத்துப் பின்னிக் கொண்டுவந்திருப்பார். அவருக்கு அது அலங்காரம், வாங்குகிறவருக்கு அது ஒரு திரை.

முடி இவ்வளவு நீளமாக வளர என்ன செய்கிறீர்கள் என்று குதிரைக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விளக்கெண்ணெய் என்பார் ஒருவர். வேப்பெண்ணெய் என்பார் இன்னொருவர். முட்டை, சீயக்காய், செம்பருத்தி, கடையில் விற்கும் பவுடர் என்று பட்டியல் நீளும். “உடம்பு நல்லா இருந்தா முடி தானா வரும், நாம கையை வைக்காம இருந்தாப் போதும்” என்று சொல்லும் ஒருவரும் எப்படியும் இருப்பார். எண்ணெய் முதல் வால்பை வரை எல்லாவற்றையும் உரசிப் பார்த்தபின் இவர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

குதிரையின் உடம்புமயிர் பருவம் மாறும்போது உதிர்ந்து புதிதாக முளைக்கும். பிடரி, நெற்றிமயிர், வால் மூன்றுக்கும் அந்த வழக்கம் இல்லை. அங்கே ஒவ்வொரு மயிரும் ஆண்டுக்கணக்கில் நின்று வளரும். மங்கோலியப் புல்வெளியில் வாழும் பிரெஸ்வால்ஸ்கி காட்டுக்குதிரைக்குப் பிடரிமயிர் தூக்கிய பிரஷ் போலக் குட்டையாக நிற்கும், ஆண்டுக்கொருமுறை உதிரவும் செய்யும். கழுதைக்கும் வரிக்குதிரைக்கும்கூட நிமிர்ந்த குட்டைப் பிடரிதான். தொங்கும் நீளப் பிடரி வீட்டுக்குதிரையின் அடையாளம்.

வளரும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். வால்மயிரைச் சிறு சிறு துண்டாக நறுக்கி அதிலுள்ள ஐசோடோப்புகளைப் பார்த்தால் குதிரை எந்தக் காலத்தில் என்ன புல் தின்றது, எங்கே தண்ணீர் குடித்தது என்று நாட்குறிப்பு போலப் படிக்க முடிகிறது. அந்த ஆய்வுகளின் வழியே தெரிந்தது, வால்மயிர் நாளொன்றுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வளர்கிறது என்பது. ஆண்டுக்கு 22 முதல் 29 சென்டிமீட்டர். நம் அளவில் சொன்னால் வருஷத்துக்கு ஒரு சாண், மிஞ்சினால் கூட மூன்று நான்கு விரற்கடை.

இந்தச் சாண் கணக்கு மனதில் ஏறிவிட்டால் பல விஷயங்கள் தெளிவாகும். வயலின் வில்லில் கட்டும் மயிர் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளம் வேண்டும். அப்படியானால் கச்சேரி மேடையில் இழைகிற அந்த 150, 200 மயிர்களும் ஏதோ ஒரு குளிர்தேசத்துக் குதிரையின் மூன்று ஆண்டு வாழ்க்கை. வில்லுக்கு ஆண்குதிரையின் வாலைத் தேடி வாங்குவதற்கும் காரணம் உண்டு. பெண்குதிரையின் வால் சிறுநீர் பட்டுப் பட்டுக் கெட்டுப்போகும். மங்கோலியரின் மோரின் ஹூர் வாத்தியத்தில் தந்திகளே வால்மயிர்தான். மரபுப்படி பெரிய தந்திக்கு ஆண்குதிரையின் மயிர் 130, சிறிய தந்திக்குப் பெண்குதிரையின் மயிர் 105. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2007இல் அளந்த ஒரு குதிரையின் வால் 381 சென்டிமீட்டர் இருந்து கின்னஸில் ஏறியது. நாளுக்கு 0.8 மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும், அந்த வாலின் நுனி முளைத்துப் பதின்மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பதின்மூன்று ஆண்டும் யாரோ அதை அறாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் அங்கே சாதனை.

ஆக, வரவு என்பது பெரும்பாலும் பிறவியிலேயே எழுதி வைத்தது. ஃபிரீசியன், ஆண்டலூசியன் போன்ற இனங்களுக்கு அடர்ந்த பிடரி. பாலைவனத்தில் உருவான அக்கால் டெக்கேக்குப் பட்டு நூல்போல நாலே நாலு மயிர். அப்பலூசா குதிரைகள் சிலவற்றின் வாலைப் பார்த்தால் எலிவால் என்றுதான் சொல்லத் தோன்றும். எந்த எண்ணெயும் இந்த வித்தியாசத்தை அழிக்காது. நம் கையில் இருப்பது செலவு மட்டும்.

செலவில் முதல் இனம் சீப்பு. கீழே விழுந்த ஒரு மயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் அது வயதாகி வேரோடு உதிர்ந்தது, கவலை இல்லை. குமிழ் இல்லாவிட்டால் நடுவில் அறுந்தது. குதிரையை அழகுபடுத்துகிறோம் என்று தினமும் இரும்புச் சீப்பால் வாலை மேலிருந்து கீழே இழுக்கிற லாயத்தில், சீப்பில் சிக்குபவற்றில் பெரும்பாலும் குமிழ் இருக்காது. வருஷத்துக்கு ஒரு சாண் என்ற கணக்கில், ஓர் இழுப்பில் அறுந்த முக்கால் மீட்டர் மயிர் திரும்பி வர மூன்று ஆண்டு ஆகும்.

சிக்கெடுப்பதில் ஒரு முறை இருக்கிறது, அதற்கு வேண்டியது பொறுமைதான். குதிரைக்குப் பின்னால் நேராக நிற்காமல் தொடைப்பக்கம் ஒட்டி நின்று வாலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ள வேண்டும். கையளவு கற்றையை மட்டும் பிரித்தெடுத்து, சிக்குக்கு மேலே கைமுட்டியால் இறுகப் பிடித்தால் இழுப்பு வேருக்குப் போகாது. நுனியிலிருந்து தொடங்கி நாலு விரல், எட்டு விரல் என்று மேலே ஏற வேண்டும். முதலில் விரல்கள், பிறகு அகலப் பல் சீப்பு. சேறு காய்ந்திருந்தால் சீவக்கூடாது, அலச வேண்டும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதும் சீவக்கூடாது. நனைந்த மயிர் அதிகம் நீளும், நீண்டு நீண்டு அறும். முக்கால் உலர்ந்ததும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டு பிரிப்பது நல்லது.

மேய்ச்சலுக்குப் போன குதிரை மருளூமத்தைக் காயை வால் நிறைய ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தரிக்கோல் தேடத் தோன்றும். நானும் ஒருமுறை ஒரு மட்டக்குதிரைக்கு அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். வாலின் நடுவில் விழுந்த பள்ளம் இரண்டு ஆடி கழிந்தும் தெரிந்தது. காயின்மேல் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காயை மயிரிலிருந்து இழுக்காமல், மயிரைக் காயிலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பாதி வேலையில் காய் தானாக நழுவி விழும்.

கழுத்தின் நடுப்பகுதியில் மட்டும் பிடரி மழித்ததுபோல இருந்தால் நோயைத் தேடுவதற்கு முன் தீனித்தொட்டியைப் பாருங்கள். கம்பிக்கு இடையில் தலையை நுழைத்துத் தின்னும் குதிரைக்கு மேல்கம்பி உரசும் இடத்தில் முடி நிற்காது. காதுக்குப் பின்னால் தேய்ந்திருந்தால் அது நைலான் தலைக்கயிறு. வால் நுனி கடித்ததுபோல இருந்தால் அது கடித்ததேதான். குட்டிகள் தாயின் வாலை மெல்லும். போதிய புல் இல்லாமல் நாள் முழுக்கச் சும்மா நிற்கும் பெரிய குதிரைகளும் பக்கத்துக் குதிரையின் வாலைத் தின்னும்.

எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் முடியைக் காக்கும் என்பதற்கு உண்டு. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் மயிருக்குள் புகுந்து அலசும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அந்த அளவுக்குச் செய்வதில்லை என்றும் காட்டியது. மனிதமுடியில் செய்த ஆய்வு அது. குதிரைமயிரும் அதே கெரட்டின்தான் என்பதால் பொருந்தும் என்று கொள்ளலாம். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பில் வைக்கோல் துரும்பும் மண்ணும் ஒட்டி இன்னும் சிக்காகும், நான் அதை விலக்கிவிடுவேன். சிலிக்கான் கலந்த ஸ்பிரேக்கள் மயிரை வழவழப்பாக்கி உரசலைக் குறைக்கின்றன. சேணம் வைக்கும் இடத்தில் பட்டால் சேணமும் வழுக்கும், ஜாக்கிரதை. குதிரைக்கென்று அமெரிக்காவில் தயாரித்த ‘மேன் அண்ட் டெயில்’ ஷாம்பூவைக் குதிரைக்காரர்கள் தங்கள் தலைக்கே போட்டுக்கொள்ள ஆரம்பித்து, கடைசியில் அது மனிதர் கடைகளுக்கே வந்துவிட்டது. நம்மூரில் சீயக்காய் எதிர்த்திசையில் போகிறது.

எந்த ஷாம்பூவானாலும் வாலின் மேற்பகுதியில், எலும்பு இருக்கும் கட்டையில், தோல்வரை தேய்த்து, நுரை துளியும் தங்காமல் அலச வேண்டும். தங்கிய சோப்பு அரிக்கும். அரிப்பு வந்தால் குதிரை வாலைச் சுவரில் வைத்துத் தேய்க்கும். சீப்பு ஒரு மாதத்தில் செய்யும் சேதத்தை அரிப்பு ஒரே ராத்திரியில் செய்துவிடும். அழகு வேலையை விட்டு வைத்திய வேலைக்குப் போக வேண்டிய இடம் இது.

வால்தேய்ப்புக்கு ஊசிப்புழு ஒரு காரணம். குழந்தைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் உறவுதான் இதுவும். பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து பசைபோன்ற திரவத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். பசை காயக் காய அரிப்பெடுக்கும். சாணப் பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மருந்து கொடுப்பதோடு தினமும் அந்த இடத்தைத் துணியால் துடைத்து, துணியை எரித்துவிடுவதும் வைத்தியத்தில் சேர்த்தி. பெண்குதிரையின் மடி இடுக்கிலும் ஆண்குதிரையின் குறியுறையிலும் சேரும் அழுக்கும் அரிக்கும். அங்கே சொறிய முடியாத குதிரை வாலைச் சொறிந்துகொள்ளும். வாலுக்கு மருந்து தடவிக்கொண்டே இருப்பவர்கள் மடியை ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிப் பார்க்கலாம்.

பிடரியின் பெரிய எதிரி வேறு. நம் செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவரும் அதே க்யூலிக்காய்டஸ் பூச்சி, கண்ணுக்கு எளிதில் படாத சிற்றளவுக் கொசு, குதிரையின் பிடரி அடியிலும் வால்கட்டையிலும் கடிக்கும். கடியின் எச்சிலுக்குச் சில குதிரைகளின் உடம்பு அளவுக்கு மீறிப் பொங்கும். தோல் தடித்து, கீறி, ரத்தம் வரத் தேய்த்து, பிடரி கட்டை கட்டையாக நிற்கும். இந்த நோயின் கதையை ஐஸ்லாந்துக் குதிரைகள்தான் துலக்கின. சுமார் ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் தீவுக்குள் வெளிக்குதிரை வருவதில்லை, வெளியே போன குதிரை திரும்பவும் அனுமதியில்லை. அங்கே இந்தப் பூச்சியும் இல்லாமல் இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தபின் ஐரோப்பாவுக்கு விற்கப்பட்ட குதிரைகளை இந்த அரிப்பு கடுமையாகப் பிடித்தது. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலேயே கடிபட்டுப் பழகிய உடம்பு தாங்கிக்கொள்கிறது.

பூச்சி வலுவாகப் பறக்கத் தெரியாதது என்பதுதான் நமக்குள்ள சாதகம். அது தேடி வருவது அந்தியிலும் விடியலிலும். அந்த நேரம் குதிரையை உள்ளே கட்டி ஒரு மின்விசிறியைப் போட்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரணக் கொசுவலையின் கண்ணில் அது நுழைந்துவிடும், இன்னும் நெருக்கமான வலை வேண்டும். வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவுவது கடியைக் கொஞ்சம் தடுக்கும். ரணமான தோலில் அதைப் போடக்கூடாது, அதற்குக் கால்நடை மருத்துவர்தான். மாட்டுக்கொட்டகையில் போடுவதுபோல வேப்பிலைப் புகை போடுவது எனக்குச் சம்மதமில்லை. குதிரையின் சுவாசம் தூசியையும் புகையையும் மாட்டைப் போலத் தாங்காது. கனடாவில் 2002இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், அரைத்த ஆளிவிதை தின்ற குதிரைகளுக்கு இந்தப் பூச்சியின் ஒவ்வாமை தோலில் குறைவாகத் தெரிந்தது. குதிரைகள் ஆறே ஆறு என்பதையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

தீனி விஷயத்தில் தமிழ்நாட்டுக் குதிரைக்காரருக்கு நான் முதலில் சொல்வது எதைக் கொடுக்கக்கூடாது என்பதைத்தான். சூபாபுல் என்றும் சவுண்டல் என்றும் சொல்லும் மரத்தின் தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆடு தின்கிறதே என்று குதிரைக்கும் வெட்டிப் போட்டால், சில வாரங்களில் பிடரியும் வாலும் கற்றை கற்றையாகக் கையோடு வரும். ஆட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? எல்லா ஆட்டுக்கும் ஆகாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்தத் தழையைத் தின்ற மாடுகள் நோயுற்றன, ஹவாயில் ஆடுகள் நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய் ஆட்டின் இரைப்பையில் அந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டுபோய் ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்ததும் நோய் நின்றது. நுண்ணுயிருக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு அந்த வழி இல்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி நொதிக்கும் இரைப்பை முன்னால் இருக்கிறது. குதிரைக்கு நொதிப்பது பெருங்குடலில், அதற்கு முன்பே சிறுகுடல் நஞ்சை உறிஞ்சிவிடும்.

செலினியமும் இப்படித்தான். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் போதும். அளவு மீறினால் கெரட்டினில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் அது புகுந்துகொள்ளும். பிடரியும் வாலும் உதிரும், குளம்பு வெடிக்கும். பஞ்சாபின் சில வட்டாரங்களில் மண்ணிலேயே அது அதிகம் என்பதால் கால்நடைகள் அவதிப்பட்டிருக்கின்றன. முடி வளர வேண்டும் என்று இரண்டு மூன்று டப்பாப் பவுடர்களை ஒன்றாகக் கலந்து கொடுப்பவர்கள், ஒவ்வொன்றிலும் செலினியம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பதில்லை. முடி கொட்டுகிறதே என்று இன்னொரு டப்பா வாங்குவார்கள்.

கொள்ளு நல்ல தீனிதான், ஆனால் பயறு வகை எல்லாவற்றையும் போல அதிலும் கந்தக அமினோ அமிலங்கள் குறைவு. மயிருக்கோ அவைதான் செங்கல். அவற்றில் ஒன்றான மெத்தியோனின் எள்ளில் நிறைய உண்டு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைக் குதிரைக்கு மட்டும் சேர்த்தே படிக்கலாம்போல. எள்ளுப்புண்ணாக்கைக் கைப்பிடி அளவில், பூஞ்சை வாடை இல்லாததாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பயோட்டின் மாத்திரைக்குச் சான்று குளம்பில்தான் உண்டு, அதுவும் பல மாதம் கொடுத்தபின். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது புல். குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, காய்ந்த எடைக் கணக்கில், தினமும் நார்த்தீனி வயிற்றுக்குள் போகாத குதிரைக்கு முடியைப் பற்றிப் பேசுவதே வீண்.

வாலைப் பின்னிப் பையில் போட்டு வைக்கும் வழக்கம் மேல்நாட்டுக் கண்காட்சிக் குதிரைகளிலிருந்து இங்கும் வந்திருக்கிறது. பின்னல் எலும்பு முடியும் இடத்துக்குக் கீழேதான் தொடங்க வேண்டும். வால்கட்டையில் 15 முதல் 21 முள்ளெலும்புகள் இருக்கின்றன, உயிருள்ள தசையும் ரத்தமும் அதைச் சுற்றி. அங்கே ராத்திரி முழுக்க இறுகக் கட்டிய துணி ரத்த ஓட்டத்தை நிறுத்தித் தோலையே அழுகவைக்கும். ஈரவாலைப் பையில் போட்டால் பூஞ்சை. வாரம் பத்து நாளுக்கொருமுறை அவிழ்த்துப் பின்னாவிட்டால் பின்னலே சிக்காகும். பிடரிப் பின்னலைக் குதிரை தலை நிமிர்ந்து நிற்கும்போது இறுக்கிவிட்டு, அது புல்லுக்குக் குனியும்போது வேர் சுண்டி இழுபடுவதை யாரும் பார்ப்பதில்லை.

வால்பை நம் ஊருக்கு ஆகாது என்பேன். 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் வாலசைவை அளந்தார்கள். வீசும் வால் எழுப்பும் காற்று, கொசு பறக்கும் வேகத்துக்கு ஈடாக நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இருக்கிறது, கொசு உட்காருவதற்கு முன்பே அதைத் தள்ளிவிடுகிறது. பன்னிரண்டு மாதமும் ஈயும் கொசுவும் உள்ள ஊரில் அந்த விசிறியை மடித்துப் பையில் போடுவது அழகுக்காகக் கையைக் கட்டிப்போடுவது மாதிரி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வாலெலும்பையே நறுக்கிவிடும் நாகரிகம் இருந்தது. 1949இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

வளர்க்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. சங்கப் பாடல்களில் குதிரைக்கு வரும் அடைகளில் கொய்சுவல், கொய்யுளை என்பவை அடிக்கடி வரும். சுவல் பிடரி, உளை அதன் மயிர். கொய்த பிடரி என்றால் கத்தரித்த பிடரி. தேரில் பூட்டிய குதிரைக்கும் போர்க்குதிரைக்கும் கடிவாள வாரில் சிக்காத குட்டைப் பிடரியே அழகு என்று அந்தக் காலத்துக் கண் நினைத்திருக்கிறது. இன்றும் போலோ ஆட்டக்காரர்கள் பிடரியை ஒட்ட மழித்து வாலை மடக்கிக் கட்டுகிறார்கள், மட்டையும் வாரும் சிக்கக்கூடாதென்று. நார்வேயின் ஃபியோர்ட் குதிரைக்கு நடுவில் கருமயிரும் இருபுறம் வெள்ளைமயிருமாக இருப்பதால், பிறைபோல நிமிர்த்திக் கத்தரித்து அந்தக் கருங்கோட்டைக் காட்டுகிறார்கள். கத்தரிப்பதற்கு நான் எதிரி இல்லை. அரிப்பால் பாதி போன பிடரியை ஒரேயடியாகக் குறைத்துவிடுவதுதான் சில சமயம் நல்லது, தோலுக்கு மருந்து போகும். மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் இருக்கும் உணர்மயிரில் மட்டும் கத்தி படக்கூடாது. அதை மழித்த குதிரைக்குச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் போட்டியில் இடம் தருவதில்லை.

அப்படிக் குறைத்த பிடரி முதல் சில மாதங்கள் காட்டுக்குதிரையைப் போலக் குத்திட்டு நிற்கும். பார்க்கப் பொறுக்காமல் திரும்ப மழித்துவிடுகிறவர்கள் பலர். ஈரத்துணியால் தினமும் ஒரு பக்கமாகத் தடவிவிட்டு விட்டுவிட வேண்டும். அடுத்த ஆடிக்குள் ஒரு சாண் வந்துவிடும். சுழியை மறைக்க அது போதும். ரிப்பன் கட்டுவதற்கு அதற்கடுத்த ஆடி வரை பொறுக்க வேண்டும்.